எரிக்கச் சொன்ன கதைப்புத்தகம்

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வறண்ட கச்சான் காற்று ஓயவில்லை. கதவை மூடினால் வீடு புழுங்கியது. திறந்தால் மணல் வந்து படிந்தது. செல்லத்தங்கம் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

போன ஞாயிறு சபைக்கு முன்னால் எழுந்து நின்று அவள் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். மகள் யூனிசின் துணிப்பெட்டிக்குள், சட்டைகளுக்கு அடியில் அகப்பட்ட கதைப்புத்தகத்தை அடுத்த ஆராதனைக்குக் கொண்டுவந்து எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் நெருப்பில் போடுவேன் என்பது அந்த வாக்கு. அந்த அடுத்த ஆராதனை இன்றைக்குத்தான்.

புத்தகத்தின் பெயர் ‘கூகைமலைச் சூனியக்காரி’. அட்டையில் ஒரு கிழவி, தோளில் கூகை, கையில் பச்சை வெளிச்சம் விடும் விளக்கு. நாரையாக மாற்றப்பட்ட தன் தம்பியை மீட்பதற்காக, ஒரு சிறுமி அந்தச் சூனியக்காரியிடமே வேலைக்குச் சேர்ந்து மந்திரம் படிக்கிற கதை. அது யூனிசின் புத்தகமும் அல்ல. அடுத்த வளவு காலிதீன் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனபோது தன் மகள் றம்ஸியாவுக்கு வாங்கி வந்தது. றம்ஸியாவும் யூனிசும் ஒரே வயது, ஒரே வேலியின் இரண்டு பக்கம். தை மாதம் யூனிஸ் அதை இரவல் வாங்கி வந்தாள்.

அதே தை மாதம்தான் யூனிசின் ஆறு வயதுத் தம்பி எபி காய்ச்சலில் போனான்.

அந்த நாட்களில் செல்லத்தங்கத்தைத் தாங்கி நின்றவர் பாஸ்டர் தங்கராசா. இரண்டு வருடத்துக்கு முந்திய சூறாவளி கல்முனையில் கூரை என்று ஒன்றையும் விட்டுவைக்காதபோது, நிவாரணத் தகரங்களைத் தோளில் சுமந்து வீடு வீடாகப் போட்டவர் அவர். மிஞ்சிய தகரங்களில் கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டகை எழும்பியது, அதுவே சபையானது. எபியின் பெட்டி வீட்டில் கிடந்த அன்று காலையிலிருந்து அடக்கம் முடியும்வரை அவர் சோறு தண்ணீர் இல்லாமல் கூடவே இருந்தார். அதைச் செல்லத்தங்கம் மறக்கமாட்டாள்.

குசினியில் அவள் கணவன் நல்லரெத்தினம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சாகாமக் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியர் வேலை. சனிக்கிழமை பின்னேரம் வந்து திங்கள் விடிய சைக்கிளில் ஏறிவிடுவான். புத்தகச் சங்கதி அவனுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

“அது காலிதீன்ட புள்ளைட புத்தகம்,” என்றான். “அடுத்தவன்ட சாமான நெருப்புல போடுறதுக்கு ஆரு உனக்கு உரிமை தந்த?”

“வேற ஒண்டு வாங்கிக் குடுப்பம்.”

“அதக் கேட்டியா அவங்களிட்ட?”

“ஆராதனைக்கு முதல் போய்க் கேக்கத்தான் போறன்.”

“அவங்க மாட்டன் எண்டா?”

செல்லத்தங்கம் தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது.

“ஒரு சின்னப்புள்ளைக் கதைக்கு இவ்வளவு பாடா, செல்லம்? நம்மட காலத்துல பேய்க்கதை கேக்காத புள்ள இரிந்ததா?”

“உங்களுக்கு என்ன தெரியும்?” அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. “நீங்க அங்க குளத்துக்கட்டுல நிண்டீங்க. இஞ்ச புள்ளைட உடம்பு கொதிக்கக்குள்ள நான்தானே பாத்துக்கொண்டிரிந்தன். கண்ணச் சொருகிக்கொண்டு அவன் என்ன பிசத்தினான் தெரியுமா? ‘கூகை வருது, கூகை வருது’ எண்டுதான்.”

நல்லரெத்தினம் ரொட்டியைக் கீழே வைத்தான். தை மாதத்துப் பெருமழையில் சாகாமக் குளம் முட்டி நின்றது. கட்டை விட்டு அவனால் அசைய முடியவில்லை. ஆள் வந்து சொல்லி, அவன் இடுப்பளவு வெள்ளத்தில் றோட்டைக் கடந்து வீடு வந்து சேர்ந்தபோது எபியைக் குளிப்பாட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எந்தப் பேச்சானாலும் கடைசியில் அந்தக் குளத்துக்கட்டில் போய்த்தான் நிற்கும். அவன் எழுந்து கை கழுவினான்.

யூனிஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். சாப்பிடவில்லை.

“அம்மா, அத எரிச்சா எல்லாம் சரியாயிருமா?”

“ஓம்,” என்றாள் செல்லத்தங்கம், தலையை முடிந்தபடி.

“செஞ்சவங்களுக்கும் சரியாயிருமா?”

“எல்லாருக்கும்தான். ரொட்டியத் தின்னு புள்ள, சுணங்குது.”

மகள் என்ன கேட்டாள் என்பதை அவள் காதில் வாங்கவில்லை. றம்ஸியாவின் தாய் முனவ்வறாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதிலேயே அவள் மனம் இருந்தது.

முனவ்வறா வளவில் பாய் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, நெல்லைக் காயப்போட்டிருந்தாள். செல்லத்தங்கத்தைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“வாங்கக்கா. இந்தக் காத்துக்குள்ள என்னத்தக் காயப்போட, எல்லாம் மண்ணுதான். இரிங்க.”

“இரிக்க நேரமில்ல தங்கச்சி. ஒரு விசயம் கேக்க வந்தன்.” செல்லத்தங்கம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். “றம்ஸியாட ஒரு புத்தகம் எங்கட வீட்டுல கிடக்கு. அத... அத நான் எரிக்கப்போறன். கோவிக்காதீங்க. அவளுக்கு வேற நல்ல புத்தகமாப் பாத்து வாங்கித் தாறன்.”

முனவ்வறா குனிந்து பாயின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“அந்தப் புத்தகத்தால இஞ்சையும் ஒரு சண்டை நடந்தது அக்கா. பள்ளிவாசல் லெப்பை ஒரு நாள் இஞ்ச வந்திரிக்கக்குள்ள அட்டையக் கண்டிட்டு, சிஹ்று, சூனியக் கதையெல்லாம் புள்ளைக்கு என்னத்துக்கு எண்டார். றம்ஸியாட வாப்பா, கதைதானே, புள்ள வாசிக்கட்டும் எண்டு நிண்டுட்டார். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல. நீங்க எரிக்கிறன் எண்டா எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான்.”

“அப்ப சரிதானே?”

“ஒள்ளுப்பம் இரிங்கக்கா. நீங்க வராட்டி நானே வந்திரிப்பன். ஒண்டு சொல்லோணும்.”

முனவ்வறா வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

“போன கிழமை நீங்க யூனிச ஏசினது இஞ்ச கேட்ட. புத்தகத்த ஒளிச்சுவெச்சு வாசிக்கிறாள் எண்டு. அவள் வாசிக்கல்ல அக்கா. எபி மவுத்தான பிறகு அவள் அதத் திறக்கவே இல்லயாம்.”

“அப்ப என்னத்துக்கு ஒளிச்சவள்?”

“றம்ஸியா போய்த் திருப்பிக் கேட்டிரிக்கா. யூனிஸ் குடுக்கமாட்டன் எண்டிருக்காள். ‘இது உங்கட வீட்டுக்கு வரப்படாது, உன்ட தம்பிக்கும் ஏதும் நடந்திரும்’ எண்டாளாம். ‘எங்கட தம்பி இதாலதான் போனான், நான்தான் வாசிச்சுக் காட்டினன், காச்சல் நேரமும் வாசிச்சன்’ எண்டு சொல்லி அழுதாளாம். எங்கட புள்ளைக்கு ஒண்டும் வந்திரப்படாது எண்டு அவள் தன்னோட வெச்சுக்கொண்டு இரிந்திருக்காள்.”

கையில் சுற்றியிருந்த சேலைத் தலைப்பைச் செல்லத்தங்கம் விட்டுவிட்டாள்.

“ஆரு அவளுக்கு அப்படிச் சொன்ன?”

முனவ்வறா தயங்கினாள். “உங்கட வீட்டுல ஜெபம் நடக்கக்குள்ள நீங்கதான் சொன்னீங்களாம்.”

முனவ்வறா சொன்னது உண்மைதான். எபி போன மறுகிழமை, வீடு நிறையச் சபைப் பெண்கள். வீட்டுக்குள் புதிதாக என்ன வந்தது என்று ஒருத்தி கேட்டாள். செல்லத்தங்கம் யோசித்து, அந்தப் புத்தகத்தைச் சொன்னாள். அது வந்த கிழமைதான் காய்ச்சல் வந்தது என்றாள். அப்படிப்பட்டவை பிசாசுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று பாஸ்டர் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்கு ஒரு ஆறுதலாகவே இருந்தது. பிள்ளை சும்மா சாகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் எழும்பி நடமாடினாள். புத்தகம் அப்போதே திரும்பிப் போய்விட்டதென்று நினைத்திருந்தாள். அன்று சுவருக்கு மறுபக்கம் யூனிஸ் எங்கே இருந்தாள், என்ன கேட்டாள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

“நான் வாறன் தங்கச்சி,” என்றாள். செருப்பை மாட்டாமலே வேலிக் கடப்பைத் தாண்டி வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன புத்தகம் இல்லை. யூனிசும் இல்லை.

“உன்னோட வந்தவள் எண்டெல்லோ நினைச்சன்,” என்றான் நல்லரெத்தினம்.

செல்லத்தங்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்படி வாசலுக்கு வந்துவிட்டான்.

“சபைக்குத்தான் போயிரிப்பாள். ஏறு.”

கலியாணமான புதிதில் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனவள். இன்று தெருச்சனம் பார்க்கிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக் குந்தினாள். காற்று எதிர்முகமாக அடித்தது. அவன் எழுந்து நின்று மிதித்தான். சந்தைக்கு முன்னால் யாரோ கூப்பிட்டு என்ன விசயம் என்று கேட்டார்கள். அவன் மிதிப்பதை நிறுத்தவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் மணலில் ஒரு தார்ப் பீப்பா எரிந்துகொண்டிருந்தது. சனம் அதைச் சுற்றி நின்றது. பாட்டு முடிந்துவிட்டது. படக்கதைப் புத்தகங்கள், சினிமாப் பத்திரிகை, பேய்க்கதைப் பிரதிகள், யாரோ ஒருவரின் பழைய சாதகக் குறிப்பு எல்லாம் உள்ளே போயிருந்தன. காற்று சாம்பலை அள்ளி எல்லோருடைய வெள்ளை உடுப்பிலும் தூவியது. சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

பீப்பாவுக்குப் பக்கத்தில் யூனிஸ் நின்றாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பாஸ்டர் தங்கராசா குனிந்து அவளிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாமப் போடு புள்ள. அம்மா எங்க?”

“அம்மா வருவாங்க. நான் முதல்ல ஒண்டு சொல்லோணும்.” யூனிசின் குரல் சின்னதாக இருந்தாலும் காற்று அதை எல்லோருக்கும் கொண்டுபோனது. “எங்கட தம்பி எபி செத்தது என்னாலதான். நான்தான் இத வாசிச்சுக் காட்டினன். காச்சல் எண்டு அம்மா வேணாமெண்டு சொன்ன பிறகும், அவன் கேட்டான் எண்டு வாசிச்சன். அவன் பயந்தான். அப்பவும் வாசிச்சன்.”

சில பெண்கள் ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பாஸ்டர் யூனிசின் தலையில் கை வைத்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. “அழாத புள்ள. மனசாரக் கேள். ஆண்டவர் உன்ன மன்னிப்பார்.”

“மன்னிக்கிறதுக்கு அவள் என்ன செஞ்சவள், பாஸ்டர்?”

எல்லோரும் திரும்பினார்கள். செல்லத்தங்கம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலில் செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. மகளின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் தன் கக்கத்துக்குள் வைத்தாள்.

“சிஸ்டர், பிறகு கதைப்பம்,” என்றார் பாஸ்டர் மெதுவாக. “இது அதுக்குரிய இடமில்ல.”

“நான் கதைச்சதும் எல்லாருக்கும் முன்னாலதானே. தை மாசம் என்ட வீட்டுல, நீங்க எல்லாரும் இரிக்கக்குள்ளதான் சொன்னன். அதக் கேட்டுத்தான் என்ட புள்ள இஞ்ச வந்து நிக்கிறாள்.”

“புத்தகத்தப் போடுறன் எண்டு சபைக்கு முன்னால வாக்குக் குடுத்தவங்க...” என்று ஒரு பெண் தொடங்கினாள். பாஸ்டர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

செல்லத்தங்கம் புத்தகத்தைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“இந்தப் புத்தகம் நல்லம் எண்டு நான் சொல்ல வரல்ல. எனக்கு இதப் பாக்கவே பிடிக்கல்ல. மந்திரம் தந்திரம் படிக்கிற கதைய என்ட புள்ள வாசிக்கிறதுக்கு நாளைக்கும் நான் விடமாட்டன். ஆனா எபி செத்தது காச்சலால. மூளைக்காச்சல் எண்டு டொக்டர் சொன்ன. அத நீங்க உங்கட வாயால இவளுக்குச் சொல்லுங்க. நான் சொன்னா இனி நம்பமாட்டாள்.”

பாஸ்டர் நெருப்பைப் பார்த்தார். பிறகு யூனிசைப் பார்த்தார். சனம் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் நல்ல பேச்சாளர். சொல்லுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

“எனக்குத் தெரியாத ஒண்ட நான் எப்படி சிஸ்டர் சொல்ல?” என்றார் கடைசியில்.

“தை மாசம் மட்டும் தெரிஞ்சா சொன்னீங்க?”

செல்லத்தங்கம் மகளின் கையைப் பிடித்தாள். சனம் தானாகவே வழிவிட்டது. எபியின் அடக்கத்தன்று தன்னை மாறிமாறித் தாங்கிப் பிடித்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகி நிற்பதை அவள் கண்டாள். அவளுக்கு வலித்தது. ஆனாலும் நிற்கவில்லை.

திரும்பும்போது மூவரும் நடந்தே வந்தார்கள். நல்லரெத்தினம் சைக்கிளை உருட்டினான்.

கடற்கரைத் தெரு முடியும் இடத்தில் யூனிஸ்தான் தொடங்கினாள். “நீங்களும் அப்படித்தானே அம்மா நினைச்சீங்க?”

பொய் சொல்லிவிடலாம் என்று செல்லத்தங்கத்துக்குத் தோன்றியது. ஒரு சின்னப் பொய். இந்தத் தெருவிலேயே முடிந்துவிடும்.

“ஓம்,” என்றாள். “நினைச்சன்.”

“இப்ப?”

“இப்ப இல்ல.”

யூனிஸ் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

“எபிட காச்சலுக்கு ஆராவது ஒரு ஆள் பிழை செய்திரிக்கோணும் எண்டா, அது நான்தான் மகள்,” என்றான் நல்லரெத்தினம். அவன் வீதியைப் பார்த்தபடியே பேசினான். “ரெண்டு நாளைக்கு முதல் வந்திருந்தா மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிரிக்கலாம். குளம் உடைஞ்சா ஊரே போயிரும் எண்டு நிண்டுட்டன். குளமும் உடையல்ல. இதுக்கு நான் எந்தப் புத்தகத்தக் குற்றம் சொல்ல?”

செல்லத்தங்கம் அவனைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவன் வாயால் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவன் எப்போதாவது சொல்லவேண்டும் என்றுதான் அவளும் குத்திக்குத்திக் கேட்டாள். இப்போது சொல்லிவிட்டான். அவளுக்கு அதில் எந்தத் திருப்தியும் வரவில்லை. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்திருந்த அவன் கைமேல் தன் கையை ஒருதரம் வைத்து எடுத்தாள்.

“அந்தத் தண்ணிக்குள்ள நீங்க வந்ததே பெரிய காரியம்,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நல்லரெத்தினம் புத்தகத்தைக் கையில் எடுத்தான். “காலிதீனிட்டக் குடுத்திட்டு வாறன்.”

“வேணாம் அப்பா.” யூனிஸ் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். “அங்க குடுக்க வேணாம். றம்ஸியாட தம்பி சின்னப்புள்ள.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொட்டகையில் பேசியது, தெருவில் பேசியது, ஒன்றும் அவளுக்குள் இறங்கவில்லை. நல்லரெத்தினம் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தான். யூனிஸ் அந்த அலுமாரி தெரியாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். மத்தியானச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தாள்.

சபைப் பெண்கள் வழக்கமாகப் பின்னேரம் ஜெபத்துக்கு வருவார்கள். அவர்களுக்காகப் பாய் விரிக்கப்போன செல்லத்தங்கம் பாதி விரித்த பாயைத் திரும்பவும் சுருட்டினாள். பிறகு விரித்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது; ஒருவரும் வரவில்லை.

கடப்படியில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

பாஸ்டர் தங்கராசா தனியாக வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. கையில் வேதப்புத்தகம் இல்லை. செல்லத்தங்கம் கடப்படிக்குப் போனாள். கதவைத் திறக்காமல் அதன் கொண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“உங்களோட வாதாட வரல்ல சிஸ்டர்,” என்றார். “புள்ளையோட கதைக்கோணும்.”

“என்ன கதைக்கப் போறீங்க?”

“அத அவளிட்டத்தான் சொல்லோணும்.”

“அவள் இன்னும் ஒண்டக் கேட்டுத் தாங்கமாட்டாள், பாஸ்டர். நல்லதோ கெட்டதோ, முதல்ல எனக்குச் சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லை யோசிக்கிறாரா, சொல்லத் துணிவைத் தேடுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்னால் நல்லரெத்தினம் எழுந்து வரும் காலடி கேட்டது. அதற்கு முன்னால் இன்னொரு குரல் வந்தது.

“அம்மா, அவர் வரட்டும்.”

யூனிஸ் வாசற்படியில் நின்றாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தாள்.

செல்லத்தங்கம் மகளைப் பார்த்தாள். பிறகு கொண்டியைத் தூக்கினாள். பாஸ்டரை முன்னால் போகவிடாமல், தானே முதலில் நடந்து போய், படியில் மகளுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க பாஸ்டர்,” என்றாள். “நானும் கேக்கோணும்.”